கோப்பைக்குள் என்ன உப்பு?

மாவட்ட அறிவியல் கண்காட்சி நடக்கிற நாளில் ஏதேனும் ஒரு பள்ளிக்கூடத்தின் பிரார்த்தனை மண்டபத்துக்குள் நுழைந்து பாருங்கள். புகை கக்கும் அட்டை எரிமலைக்கும் மழைநீர் சேகரிக்கும் மாதிரி வீட்டுக்கும் நடுவே, வெள்ளைத் துணி விரித்த மேஜை ஒன்றின் மீது ஏழெட்டுக் கண்ணாடித் தம்ளர்கள் வரிசையாக நிற்க, இளநீர், மோர், எலுமிச்சைச் சாறு, கோலி சோடா, கறுப்பு நிறக் குளிர்பானம், ஓடும் வீரனின் படம் போட்ட புட்டியிலிருந்து ஊற்றிய நீல நிறப் பானம், மருந்துக்கடையில் வாங்கிக் கலக்கிய ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று ஒவ்வொன்றின் முன்னும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய சீட்டு சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மேஜைக்குப் பின்னால், இஸ்திரி கலையாத சீருடையில் இரண்டு மாணவிகள். ஒருத்தி பேனா அளவே உள்ள டிடிஎஸ் மீட்டரை ஒரு தம்ளரில் தோய்த்து, துடைத்து, அடுத்ததில் தோய்க்கிறாள். மற்றவள், இரவெல்லாம் மனப்பாடம் செய்த சொற்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். எண் ஏறினால் மின்பகுளி அதிகம் என்றும், மின்பகுளி அதிகமானால் அந்தப் பானம் உடம்புக்கு மிகவும் நல்லது என்றும், ஆகையால் வெயிலில் களைத்தவர்களும் பேதியால் துவண்டவர்களும் பட்டியலில் மேலே உள்ள பானத்தையே அருந்த வேண்டும் என்றும் அவள் முடிக்கும்போது, நடுவர்கள் தலையசைத்து, மதிப்பெண் குறித்துக்கொண்டு, எரிமலையை நோக்கி நகர்ந்துவிடுகிறார்கள்.

சோதனையில் குற்றம் இல்லை. சுற்றிலும் நிற்கும் அட்டை மாதிரிகளில் பாதிக்கு மேல் கடையில் விலைக்கு வாங்கியவையாக இருக்க, நிஜமான திரவத்தை நிஜமான கருவியால் அளந்து எண்களைக் குறித்துக்கொண்டு வந்த அந்தப் பெண்கள் பரிசுக்கு முற்றிலும் உரியவர்களே. ஆனால் அவர்கள் சொல்லும் முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டால், மெரினாக் கரையில் ஒரு தம்ளர் கடல்நீரை மொண்டு வந்து அந்த வரிசையின் கடைசியில் வைப்பவனுக்கே முதற்பரிசு கொடுக்க நேரும். மற்ற எல்லாத் தம்ளர்களையும் அது பன்மடங்கு விஞ்சிவிடும். கடல்நீரைக் குடித்து யாரும் தேறியதில்லை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

மின்பகுளி என்பது பாடநூலில் மட்டும் புழங்கிய காலம் போய், சூப்பர் மார்க்கெட் அலமாரியிலும் கிரிக்கெட் ஒளிபரப்பின் இடைவேளையிலும் ‘எலக்ட்ரோலைட்’ என்று அது கூவி விற்கப்படுகிற காலம் வந்திருக்கிறது. அந்த வியாபாரத்துக்குச் சற்றே கடிவாளம் போட்ட நிகழ்ச்சி 2025 அக்டோபரில் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி தயாரிக்கப்படாத எந்தப் பானமும் தன் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளை, முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோகூட, தாங்கி நிற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அம்மாதம் 14-ஆம் தேதி உத்தரவிட்டது. 2022 ஏப்ரலிலேயே இப்படி ஒரு தடையைப் போட்டிருந்த அதே ஆணையம், அவ்வாண்டு ஜூலையில் அதைத் தளர்த்தி, ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அன்று’ என்ற வாசகத்தைப் பெட்டியில் அச்சிட்டால் போதும் என்று அனுமதித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேதியால் துடிக்கும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்துக்கடை வாசலில் நிற்கும் தாய், பெரிய எழுத்தில் உள்ள பெயரைப் படிப்பாளா, பொடி எழுத்தில் உள்ள மறுப்பைப் படிப்பாளா என்று கேட்டுக்கொண்டே, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மனு மேல் மனுவாகப் போட்டு, நீதிமன்றப் படியும் ஏறியவர் ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ். உத்தரவு வந்தபின் கம்பெனிகளும் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின. அந்த வியவகாரத்தின் ஒவ்வொரு திருப்பத்தையும் இங்கே விரிக்க அவசியமில்லை. பெட்டிக்கு உள்ளே இருக்கும் திரவத்தைப் பற்றி நாம் என்ன தெரிந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் நம் விஷயம். அந்தக் கேள்விக்கு விடை காணப் பள்ளிக்கூட மேஜையைவிடத் தகுந்த இடம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மீட்டர் எதைக் காண்கிறது?

சுத்தமான நீரில் மின்சாரம் ஏறக்குறைய பாய்வதே இல்லை. உப்பைக் கரைத்தால், அதன் துகள்கள் நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் உடைய அயனிகளாகப் பிரிந்து திரிவதால் மின்சாரத்துக்கு வாகனம் கிடைத்துவிடுகிறது. இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் செய்தியை 1884-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதிக் கொடுத்த சுவீடன் தேசத்து இளைஞர் ஸ்வாந்தே அர்ஹீனியஸுக்கு, உப்சாலா சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் மட்டமான மதிப்பெண்ணே அளித்தார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1903-இல், அதே சித்தாந்தத்துக்காக அவர் நோபெல் பரிசு பெற்றார். கண்காட்சியில் மூன்றாம் பரிசோடு திரும்பும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

டிடிஎஸ் மீட்டர், நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளை அளப்பதாகப் பெயர் பெற்றிருந்தாலும், உண்மையில் அது அளப்பது கடத்துத்திறனை மட்டுமே. அந்த அளவை 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, ‘லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று ஊகித்துச் சொல்கிறது. கிணற்று நீருக்கும் குழாய் நீருக்கும் இந்த அனுமானம் ஓரளவு பொருந்தும். பானங்களிடம் அது செல்லாது. ஒரு தம்ளர் நீரில் கை நிறையச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி மீட்டரைத் தோய்த்துப் பாருங்கள்: கரைந்த திடப்பொருள் எக்கச்சக்கமாக இருக்க, மீட்டரின் எண் அசைய மறுக்கும், ஏனெனில் சர்க்கரை அயனிகளாகப் பிரிவதில்லை. குளிர்பானத்தில் மிகுந்து கிடப்பது எதுவோ அது இந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியாது என்பதை மாணாக்கர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எலுமிச்சைச் சாறு இன்னொரு வகையில் ஏமாற்றும். அமிலத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனி, சோடியம் அயனியைப் போல் ஏழு மடங்கு மின்சாரத்தைக் கடத்த வல்லது. ஆகையால் உப்புப் போடாத எலுமிச்சைச் சாறும், ஏன், சமையற்கட்டு வினிகரும்கூட, கணிசமான எண்ணைக் காட்டி நிற்கும். திருவிழா வாசலில் நின்று உள்ளே போகும் தலைகளை எண்ணுகிறவன் கூட்டம் எவ்வளவு என்று சொல்வானே தவிர, போனவர்களில் பக்தர் எத்தனை, பைத் திருடர் எத்தனை என்று சொல்ல மாட்டான். மீட்டரின் நிலையும் அதுவே.

மீட்டர் வாங்கப் பணம் இல்லாத பிள்ளைகள் இரண்டு ஆணிகளையும் ஒன்பது வோல்ட் பாட்டரியையும் மல்டிமீட்டரையும் இணைத்துத் தாமே ஒரு கருவி செய்கிறார்கள். இது மெச்சத்தக்க முயற்சி. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. ஒரே திசையில் பாயும் மின்சாரம் திரவத்தை அளப்பதோடு நில்லாமல் அதை மாற்றவும் செய்கிறது: ஆணியின் மீது வாயுக் குமிழிகள் படிகின்றன, இரும்பு கரைகிறது, எண் நொடிக்கு நொடி இறங்குகிறது. இதனாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோல்ராஷ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தைப் பிரயோகித்துக் கடத்துத்திறனை அளக்கத் தொடங்கினார். இன்றைய மீட்டர்கள் எல்லாம் அவர் வழியில் வந்தவையே.

வீட்டு வாசலில் வந்து நிற்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திர விற்பனையாளர் சிலர், உங்கள் வீட்டுக் குழாய் நீரில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் உள்ள ஒரு சாதனத்தைச் சொருகி, சில நிமிஷங்களில் அந்த நீரைச் சேறு போலப் பழுப்பாக்கிக் காட்டி, ‘இவ்வளவு அழுக்கையா குடிக்கிறீர்கள்!’ என்று அங்கலாய்ப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அந்தப் பழுப்பு நீரில் இருந்த அழுக்கு அன்று. கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பின் துரு. பக்கத்தில் அவர் வைத்திருக்கும் சுத்திகரித்த நீர் பழுப்பாகாமல் இருப்பதற்குக் காரணம், அதில் மின்சாரம் பாய அயனிகள் போதாமையே. அதில் ஒரு சிட்டிகை சமையலுப்பைப் போட்டுவிட்டு மறுபடி சொருகச் சொல்லுங்கள். ஆணியும் பாட்டரியும் வைத்துச் சோதனை செய்த மாணவனை இந்த வித்தையால் ஏமாற்ற முடியாது.

தம்ளர் தம்ளராக

இளநீரைப் பற்றி நமக்குள்ள பெருமிதத்தைக் குலைக்க எனக்கு மனமில்லை. வெயிலில் அலைந்து வந்தவனுக்கு அதைவிட நல்ல பானம் எளிதில் கிடைக்காது. ஆயினும் அதன் உப்பு எது என்று கேட்டால், பெரும்பாலும் பொட்டாசியம் என்பதே பதில். 100 மில்லி இளநீரில் 200 மில்லிகிராமை ஒட்டியோ அதற்கு மேலோ பொட்டாசியம் இருக்கிறது. தேங்காயின் ரகத்தையும் முற்றலையும் மண்ணையும் பொறுத்து இது மாறும். சோடியமோ அதைக் காட்டிலும் வெகு குறைவு. நம் ரத்தத்தில் நிலைமை தலைகீழ்: லிட்டருக்குச் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல் வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. வியர்வையிலும் சோடியமே மிகுதியாக வெளியேறுகிறது. பேதியிலும் உடம்பு முக்கியமாக இழப்பது நீரையும் சோடியத்தையுமே. மீட்டரில் இளநீர் மேலே ஏறி நிற்பதைப் பார்த்து, ‘இளநீரும் ஓ.ஆர்.எஸ்.ஸும் ஒன்றே’ என்று எழுதிவிடும் மாணாக்கன், எண்ணைச் சரியாகப் படித்து உடம்பைத் தவறாகப் படித்தவன் ஆகிறான். சிறுநீரகம் பழுதுபட்டு, பொட்டாசியத்தை வெளியேற்ற மாட்டாமல் தவிக்கும் நோயாளிக்கோ இரண்டு இளநீரே இருதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமானதாகிவிடலாம். ‘இயற்கையானது, என்ன செய்துவிடும்?’ என்று உபசாரத்துக்கு நீட்டுகிறவர்கள் இதைச் சற்று நினைவில் கொள்வது நல்லது.

மோர் விஷயத்தில் நம் முன்னோர்களின் நாக்கு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பாலுக்கே இயல்பாகச் சென்டிமீட்டருக்கு 4 முதல் 5.5 மில்லிசீமன்ஸ் வரை கடத்துத்திறன் உண்டு. (மாட்டுக்கு மடிநோய் கண்டால் பாலில் சோடியமும் குளோரைடும் கூடி இந்த எண் உயர்ந்துவிடுவதால், பெரிய பண்ணைகளில் பால் கறக்கும் இயந்திரத்திலேயே இதை அளந்து நோயைக் கண்டுபிடிக்கிறார்கள்.) தயிரைக் கடைந்து நீர் விளாவிய மோரில் அது குறைந்துவிடும், போடுகிற உப்பே அதை மீண்டும் உயர்த்துகிறது. ஆகவே ‘மோரின் மின்பகுளி அளவு’ என்று ஒன்று கிடையாது. அவரவர் வீட்டு உப்புக் கையின் அளவுதான் உண்டு. நீராகாரமும் அப்படியே: உப்பில்லாத நீராகாரம் மீட்டருக்குச் சாதாரண நீரைவிடச் சற்றே மேலானது. ஆனால் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அவ்வளவு அலட்சியமாகத் தள்ளக் கூடியது அன்று. மாவுப்பொருள் குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாகப் பிரிவதால், காலரா நோயாளிகளிடம் அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசல்கள் நல்ல பலன் தந்திருக்கின்றன. பேதி கண்ட குழந்தைக்கு உப்புக் கஞ்சி கொடு என்ற பாட்டிமார் மூடநம்பிக்கையால் அதைச் சொல்லவில்லை.

கறுப்புக் குளிர்பானத்தில் சோடியம் அற்பம், சர்க்கரை 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல். விளையாட்டு வீரர்களுக்கான பானமோ 1965-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் கால்பந்து வீரர்களுக்காகத் தயாரித்த கேட்டரேடின் வழிவந்தது. லிட்டருக்குச் சுமார் 20 மில்லிமோல் சோடியமும் 60 கிராம் சர்க்கரையும் கொண்ட அது, மணிக்கணக்கில் ஓடி வியர்த்தவனுக்கு ஏற்றது. டெலிவிஷன் முன் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவனுக்கு அது வெறும் சர்க்கரை நீர்.

┃ பெட்டிச் செய்தி: ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் திருத்தி அறிவித்த அளவு:

சோடியம் குளோரைடு – 2.6 கிராம்
நீரற்ற குளுக்கோஸ் – 13.5 கிராம்
பொட்டாசியம் குளோரைடு – 1.5 கிராம்
டிரைசோடியம் சிட்ரேட் – 2.9 கிராம்

மொத்தம் 20.5 கிராம். கரைத்தபின் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 மில்லிமோல். மொத்தச் செறிவு 245. இதற்கு முந்திய கரைசலின் செறிவு 311. அதில் சோடியம் 90, குளுக்கோஸ் 111.

லேபிளைப் படிக்க: சோடியத்தின் மில்லிகிராமை 23-ஆலும், பொட்டாசியத்தின் மில்லிகிராமை 39-ஆலும் வகுத்தால் மில்லிமோல் கிடைக்கும். சரியான ஓ.ஆர்.எஸ். கரைசலின் 100 மில்லியில் சோடியம் சுமார் 172 மில்லிகிராம், பொட்டாசியம் சுமார் 78 மில்லிகிராம், குளுக்கோஸ் 1.35 கிராம் இருக்கும்.

சர்க்கரைக்கு உப்பு துணை

ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை எதற்கு, ருசிக்கா என்று பிள்ளைகள் கேட்பார்கள். சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடும் வாயில் ஒன்று இருக்கிறது என்று 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலார் பிராக் நகரத்து மாநாட்டில் எடுத்துரைத்தார். காலராவின் நஞ்சு குடலின் மற்ற வழிகளைச் சீர்குலைத்தாலும் இந்த வாயிலைக் கெடுப்பதில்லை. ஜோடி உள்ளே போனால் நீரும் பின்னோடு போகிறது. அவ்வளவுதான் ரகசியம். ஜோடியில் ஒன்று குறைந்தாலோ, ஒன்று அளவுக்கு மிஞ்சினாலோ காரியம் கெட்டுவிடுகிறது.

இதன் பலத்தை உலகம் பிரத்தியட்சமாகக் கண்டது 1971-இல், வங்கதேச யுத்தத்தின்போது. எல்லை தாண்டி வந்த அகதிகள் நிரம்பி வழிந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் ஊரில் காலரா பரவ, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலானபிஸ் என்ற இளம் மருத்துவர், உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் அளந்து கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் பிளாஸ்டிக் பைகளின் வாயை ஒட்டி எடுத்துவந்து, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினரே மொண்டு புகட்டும்படி ஏற்பாடு செய்தார். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த மரணம் அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978-இல் ‘லான்செட்’ பத்திரிகை தலையங்கம் எழுதியது. மகாலானபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

பெயரை நம்பினால் என்ன ஆகும்?

உலகில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளில் ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் பேதியால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இறப்புக்குக் காரணம் பெரும்பாலும் நீரிழப்பு. அந்த நீரை ஈடுசெய்ய வேண்டிய சமயத்தில், பழச்சாறு மணமும் கவர்ச்சியான பெயரும் கொண்ட ஒரு பெட்டியை வாங்கிப் புகட்டினால் நேர்வது என்ன? அத்தகைய பானங்கள் சிலவற்றில் லிட்டருக்கு 100 கிராமையும் தாண்டிச் சர்க்கரை இருந்திருக்கிறது, ஓ.ஆர்.எஸ்.ஸில் இருக்க வேண்டியதோ 13.5 கிராம். ரத்தத்தைவிடச் செறிவு மிகுந்த சர்க்கரைத் திரவம் குடலை அடையும்போது, வெளியிலிருந்து நீர் உள்ளே போவதற்குப் பதிலாக, உடம்பிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. பேதி நிற்பதற்கு மாறாக அதிகமாகிறது. தாய் மேலும் ஒரு பெட்டி வாங்குகிறாள். குழந்தை இனிப்பை விரும்பிக் குடிப்பதால், மருந்து வேலை செய்கிறது என்றே அவள் நினைக்கிறாள். பெயரை வைத்தவர்களுக்கு இது தெரியாதென்று நான் நம்பத் தயாரில்லை.

நேர்மாறான அபாயமும் உண்டு. அதைப் பற்றி விளம்பரமும் இல்லை, வழக்கும் இல்லை என்பதால் யாரும் பேசுவதில்லை. நம் மருந்துக்கடைகளில் ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலமும் 200 மில்லி நீருக்கான சிறு பொட்டலமும் இரண்டுமே கிடைக்கின்றன. பெரிய பொட்டலத்தைப் பிரித்து ஒரே தம்ளர் நீரில் கொட்டிக் கலக்கினால், கரைசல் ஐந்து மடங்கு கடுமையாகி, சோடியம் லிட்டருக்கு 375 மில்லிமோல் ஆகிவிடும். கடல்நீரின் சோடியத்தில் இது முக்கால் பங்குக்கு மேல். முன்பே வறண்டு கிடக்கும் குழந்தையின் ரத்தத்தில் உப்பை ஏற்றி, வலிப்பு வரை கொண்டுபோய்விடக் கூடியது இந்தச் சிறு கவனக்குறைவு. பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக் கண்ணளவில் கலக்குவதும், தம்ளரின் அளவு தெரியாமல் ஊற்றுவதும் நம் வீடுகளில் சர்வ சாதாரணம்.

மீட்டருக்கு ஏற்ற வேலை

இங்கேதான் அந்த இரண்டு மாணவிகளின் மீட்டருக்கு உண்மையான உத்தியோகம் காத்திருக்கிறது. வெவ்வேறு உப்புகள் கொண்ட பானங்களை ஒன்றோடொன்று ஒப்பிட அந்தக் கருவிக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரே பொட்டலத்தை வெவ்வேறு கைகள் கலக்கிய கரைசல்களை ஒப்பிட அதைவிட நல்ல கருவி கிடையாது. உப்புகளின் விகிதம் மாறாதபோது, எண்ணின் ஏற்றத்தாழ்வு முழுவதும் செறிவின் ஏற்றத்தாழ்வே. தெருவில் உள்ள இருபது வீடுகளில் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் கலக்கச் சொல்லி, வாசலிலேயே அளந்து, முறைப்படி ஆய்வகத்தில் கலக்கிய கரைசலின் எண்ணோடு ஒப்பிட்டால், எத்தனை வீடுகளில் நீர்த்தும் எத்தனை வீடுகளில் கடுமையாகவும் கலக்கப்படுகிறது என்பது அன்று மாலையே தெரிந்துவிடும். மீட்டரின் உச்ச அளவைத் தாண்டினால், கரைசலைப் பத்து மடங்கு சுத்த நீர் சேர்த்து நீர்க்கச் செய்து அளக்கலாம். போர்வெல் நீர் உபயோகிக்கும் வீட்டில் முதலில் வெறும் நீரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். சென்னையின் பல தெருக்களில் அந்த நீரே மீட்டரை ஆயிரத்துக்கு மேல் ஏற்றிவிடும்.

இது கற்பனை யோசனை அன்று. வங்கதேசத்தில் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு உப்பும் வெல்லமும் நீரும் கொண்டு கரைசல் செய்யக் கற்பித்தபோது, எத்தனை வீடு ஏறினார்கள் என்பதைப் பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. பிற்பாடு சென்று விசாரிக்கையில் தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கொடுத்தது. கற்பித்தவரைக் கற்றவரின் கரைசலால் எடைபோட்ட அந்த முறையை நம் கல்வி இலாகா எந்த விஷயத்திலும் இதுவரை பின்பற்றவில்லை என்று நினைக்கிறேன்.

பானங்களைத்தான் ஒப்பிடுவோம் என்று பிடிவாதம் பிடிக்கும் மாணாக்கர்களுக்கும் வழி இருக்கிறது. சோடாவிலும் குளிர்பானத்திலும் வாயு முற்றும் வெளியேறும்வரை கலக்கி வைத்த பிறகே அளக்க வேண்டும். குமிழிகள் மின்வாயில் ஒட்டி எண்ணைக் குறைக்கும். எல்லாத் திரவமும் ஒரே உஷ்ணத்தில் இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்குச் சுமார் இரண்டு சதவீதம் கடத்துத்திறன் மாறுவதால், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பானம், தானே திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துக் காட்டும். எண்ணோடு நின்றுவிடாமல், பானத்தைச் சிறிது வற்றக் காய்ச்சிச் சாம்பலாக்கி, மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் உள்ள கம்பியால் தொட்டுச் சுடரில் காட்டினால், சோடியம் மஞ்சளாகவும், கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொட்டாசியம் ஊதாவாகவும் தம்மைத் தாமே அறிவிக்கும். இளநீரின் சாம்பலுக்கு இதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு, எந்த உப்பு என்ற கேள்வி ஒருபோதும் மறக்காது. பக்கத்தில் லேபிளிலிருந்து சர்க்கரையின் அளவையும் ஒரு பத்தியாக எழுதி வைத்தால், பட்டியலின் வரிசை அடியோடு மாறிப்போவதை நடுவர்களே காண்பார்கள்.

அந்த நடுவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘எத்தனை?’ என்று கேட்டு நகர்ந்துவிடாமல், ‘எந்த உப்பு? எவ்வளவு சர்க்கரை? யாருக்கு?’ என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்கள். விடை தெரியாத பிள்ளை அன்றிரவே தேடிக் கண்டுபிடித்துவிடும்.

வாசகர்களுக்கு: ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. கடையில் வாங்குவதானால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்டிருக்கிறதா, ஒரு லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று பாருங்கள். பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். கண்ணீரைவிட அதிகம் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். குழந்தை சோர்ந்து கண் சொருகினாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.